சிதம்பரம் பக்கத்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல எந்த மரம் எங்க நிக்குது, ஏன்? கேள்வி பதில்

கே: போட்ல போனப்ப ரெண்டு பக்கமும் ஒரே மரம்தான் தெரிஞ்சுது. காடு முழுக்க அதானா?

ப: இல்லைங்க. நீங்க பாத்தது சுரபுன்னை, அது வாய்க்கால் ஓரமா ஒல்லியா ஒரு பட்டை, அவ்ளோதான். பின்னாடி பூரா வெண்கண்டல், காட்டுல பெரும்பகுதி அதுதான். இன்னும் மேட்டுக்குப் போனா மரமே இருக்காது, உமரிச் செடி மட்டும்.

கே: தண்ணிய விட்டு உள்ள போகப் போக உப்பு குறையணும்ல? அப்ப உப்பு நல்லா தாங்குற வெண்கண்டல் ஏன் பின்னாடி?

ப: எல்லாரும் சறுக்குற இடம் இது. வாய்க்கால் ஓரத்தை தினமும் கடல் ஏத்தத் தண்ணி வந்து கழுவிட்டுப் போயிடுது. உள்ள ஒரு சாண் மேடு கூடினாலே பெரிய ஏத்தத்துக்கு மட்டும்தான் தண்ணி எட்டும், வந்த தண்ணியும் மே மாச வெயில்ல வத்தி உப்பு மண்ணுலயே தங்கி, கடல்தண்ணிய விட கரிக்க ஆரம்பிச்சிடும். நம்ம பக்கம் ஏத்த இறக்கமே ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால ஒரு சாண்ங்கறது பெரிய விஷயம்.

கே: கண்டல் எப்படித் தாங்குது?

ப: வெயில் ஏறினப்புறம் ஒரு இலைய நக்கிப் பாருங்க, உப்பு. உள்ள வந்தத இலை வழியா வெளிய தள்ளிடும். சுரபுன்னை வேர்லயே கிட்டத்தட்ட எல்லா உப்பையும் வடிகட்டிடும்.

கே: தில்லை மரத்த தொட்டா கண்ணு போயிடுமா?

ப: மரத்த தொட்டா ஒண்ணுமில்ல, அதோட பால் கண்ணுல பட்டாதான் பார்வைக்கு ஆபத்து, தோல்ல பட்டாலும் புண்ணாகும், கிளைய ஒடிக்காதீங்க. சிதம்பரம் கோயில் தலமரம், கரைப்பக்க மேட்டுல நிக்கும்.

கே: நடுவுல மொட்டைத் திட்டா இருக்கே, எதுக்கு?

ப: வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து கூப்பு போட்டு, அதாவது காட்டை பகுதி பகுதியா பிரிச்சு முறை வச்சு, மொத்தமா வெட்டுனதுதான். நிழல் போயி, மண்ணு காஞ்சு அமுங்கி, தரை சட்டி மாதிரி ஆச்சு, உள்ள வந்த தண்ணி திரும்ப வழியில்லாம அங்கயே வத்தி கண்டலே தாங்காத அளவுக்கு உப்பேறிடுச்சு. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து மீன்முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி தண்ணி போகவர வழி பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் கண்டல் திரும்ப எழும்புச்சு. வெறுமனே கன்னு நட்டுட்டு போட்டோ எடுத்துட்டுப் போறவங்க இத கவனிச்சா தேவல.

கே: வீட்டுத் தொட்டில நல்ல தண்ணி ஊத்தி சுரபுன்னை வளக்கலாமா?

ப: வளரும்! உப்பு பிடிச்சதால அது அங்க நிக்கல, மத்த மரம் வராத இடத்துல பொழச்சுக்குது. ஆனா அது காப்புக்காடு, விதைய பறிச்சுட்டு வந்துடாதீங்க.