எல்லை தாண்டும் டேட்டா: கேள்வி பதில்

ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் சென்னை நிறுவனங்களின் டேட்டா ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது என் பிழைப்பு. ஐரோப்பியரின் தனிப்பட்ட தகவல் இந்தியா போன்ற வெளிநாடுகளுக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இங்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோவை, ஸ்டார்ட்அப் நடத்துபவர்: சார், எங்களுக்கு ஜெர்மனியில் ஒரு கம்பெனி, கோவையில் ஒரு கம்பெனி. ஆப் பயனர்கள் எல்லோரும் ஜெர்மனியில், சர்வர் பிராங்க்பர்ட்டில். "உங்கள் தகவல் ஐரோப்பாவை விட்டு வெளியே போவதில்லை" என்று பிரைவசி பாலிசியில் போடலாமா?

போடாதீர்கள். சர்வர் இருக்கும் ஊரை விடுங்கள், கோவையில் யார் கையில் லாகின் இருக்கிறது? ராத்திரி டிக்கெட் வருகிறது, சப்போர்ட் பையன் அட்மின் பேனலைத் திறக்கிறான், ஜெர்மன்காரரின் பெயர், முகவரி, கடைசி ஆர்டர் எல்லாம் அவன் திரையில் தெரிகிறது. ஒரு ஃபைலும் டவுன்லோட் ஆகவில்லை. ஆனாலும் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கணக்கில் அது இந்தியாவுக்கு அனுப்பியதுதான்.

டிக்டாக் சிக்கியது இங்கேதான். சீனாவிலிருந்த ஊழியர்கள் ஐரோப்பியப் பயனர்களின் தகவலைத் தொலைவிலிருந்து பார்க்க முடிந்தது. அதற்கு ஐரோப்பாவுக்கு இணையான பாதுகாப்பு இருப்பதை டிக்டாக் நிரூபிக்கவில்லை என்று அயர்லாந்து டேட்டா பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 53 கோடி யூரோ அபராதம் போட்டது. அதில் 4.5 கோடி, பயனர்களிடம் இதை ஒழுங்காகச் சொல்லாததற்கு மட்டும். நீங்கள் எழுத நினைக்கும் வரி அந்த ரகம்.

அவரே: அப்படியென்றால் ஜெர்மன் கம்பெனி ஊழியர் லேப்டாப்போடு கோவைக்கு வந்தால்?

அது கணக்கில் வராது, ஏனென்றால் டேட்டா இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போகவில்லை. போலந்து நிறுவன ஊழியர் ஒருவர் மீட்டிங்குக்காக இந்தியா வருவதை ஐரோப்பிய டேட்டா பாதுகாப்பு வாரியமே உதாரணமாகக் காட்டியிருக்கிறது. ஆனால் லேப்டாப் தொலைந்தால் பொறுப்பு அந்த நிறுவனத்துக்குத்தான்.

சென்னை, பிபிஓ மேலாளர்: சரி, அனுப்பத்தான் வேண்டும். சட்டப்படி எப்படி?

முதல் வழி, பெறும் நாட்டின் சட்டம் போதுமான பாதுகாப்பு தருகிறது என்று ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்திருக்க வேண்டும். ஜப்பான், தென்கொரியா, பிரிட்டன், நியூசிலாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. அதனால் நமக்கு நடைமுறையில் எஸ்சிசிதான், அதாவது ஐரோப்பிய ஆணையமே எழுதிக் கொடுத்த மாதிரி ஒப்பந்தம். இப்போதுள்ளது 2021 ஜூனில் வந்தது. நான்கு மாட்யூல் உண்டு. உங்கள் பிபிஓவுக்கு வேலை தருபவர் டேட்டாவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் என்றால் இரண்டாவது, அவரே இன்னொருவருக்காக வேலை செய்பவர் என்றால் மூன்றாவது. மூல வாசகத்தில் கை வைக்கக் கூடாது. நீங்கள் நிரப்ப வேண்டியது பின்னிணைப்புகளை: என்ன தகவல், யாருடையது, எவ்வளவு காலம், என்ன பாதுகாப்பு.

"தகுந்த தொழில்நுட்ப நடவடிக்கைகள் எடுக்கப்படும்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட பின்னிணைப்புகள் என் மேஜைக்கு வந்தபடியே இருக்கின்றன. அது எழுதாததற்குச் சமம். யாருக்கு அணுகல், என்ன என்கிரிப்ஷன், சாவி எந்த நாட்டில், லாக் எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

அப்புறம் எஸ்சிசியின் 14-ஆம் பிரிவு. இந்திய அரசு கேட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் இந்த டேட்டாவை எடுக்க முடியும் என்று இரு தரப்பும் ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டும். கணினித் தகவலை இடைமறித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவைத் தொடாமல் எழுதிய ஆய்வை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பெங்களூரு, மென்பொருள் பொறியாளர்: இவ்வளவு எதற்கு? பயனரிடம் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு டிக் வாங்கினால் போதாதா?

போதாது. ஆபத்தைத் தெளிவாகச் சொல்லி வாங்கிய வெளிப்படையான சம்மதம் விதிவிலக்காக ஏற்கப்படும், அன்றாட ஓட்டத்துக்கு அது அடிப்படையாகாது. ஜெர்மன் பயணி மதுரையில் ரூம் போடுகிறார், அவர் பெயரை ஹோட்டலுக்கு அனுப்பாமல் முடியாது. அதற்கு ஜிடிபிஆரின் 49-ஆம் பிரிவில் தனியாகவே இடமுண்டு. ஊபர் இந்த 49-ஐயும் துணைக்கு அழைத்துப் பார்த்தது. ஐரோப்பிய ஓட்டுநர்களின் தகவலை இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2024 ஆகஸ்டில் நெதர்லாந்தில் 29 கோடி யூரோ கட்டச் சொன்னார்கள்.

திருச்சி, சட்ட மாணவி: ஐரோப்பியத் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்ப வழி செய்யும் ஒப்பந்தம் மட்டும் ஏன் அடிக்கடி ரத்தாகிறது, சார்?

அமெரிக்க உளவு அமைப்புகள் டேட்டாவைப் பார்த்தால் ஐரோப்பியர் போய் முறையிட உருப்படியான இடம் இல்லை, அதுதான் வேர். மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர், அமெரிக்க உளவு வேலையை ஸ்னோடென் அம்பலப்படுத்திய 2013-இல், ஃபேஸ்புக் மீது அயர்லாந்தில் புகார் கொடுத்தார். அது வளர்ந்து 2015-இல் சேஃப் ஹார்பர் என்ற முதல் அமெரிக்க ஏற்பாட்டையும், 2020 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பிரைவசி ஷீல்டையும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் சாய்த்தது. எஸ்சிசி தப்பியது, ஆனால் கையெழுத்து மட்டும் போதாது, அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேலே சொன்ன 14-ஆம் பிரிவு இந்தத் தீர்ப்பின் பிள்ளை. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா எஸ்சிசியை வைத்தே அனுப்பியும் 2023 மே மாதம் 120 கோடி யூரோ அபராதம் வாங்கியது. அதே வருடம் ஜூலையில் மூன்றாவது அமெரிக்க ஏற்பாடு வந்தது. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதன் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. நான் மட்டும் இன்னும் எஸ்சிசியையும் கூடவே போடச் சொல்கிறேன்.

சேலம்: நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு நேர் எதிர்த் திசை: அரசு தடை செய்யும் நாடுகளைத் தவிர எங்கும் அனுப்பலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். இதைவிடக் கடுமையான சட்டம் வேறு இருந்தால் அதுதான் செல்லும். பணப் பரிவர்த்தனை டேட்டாவை இந்தியாவில்தான் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. அதை மதிக்காததால் 2021 ஜூலை முதல் சுமார் ஒரு வருடம் மாஸ்டர்கார்டு இங்கே புதிய வாடிக்கையாளர் சேர்க்க முடியவில்லை.

ஸ்டுட்கார்ட், தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்: அண்ணா, பிள்ளைகளின் அடையாள அட்டையை ஊரில் அச்சடித்தால் மலிவு. எக்செல் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வேண்டாம் தங்கச்சி. சங்கம் நடத்தும் பள்ளிக்கு ஜிடிபிஆர் பொருந்தும், வீட்டு விஷயம் என்று தப்ப முடியாது. அச்சகக்காரரோடு எஸ்சிசி போடலாம், ஆனால் அதில் மிச்சமாகும் காசு போய்விடும். வெற்று அட்டையை ஊரில் அச்சடித்து வரவழையுங்கள். பெயரையும் படத்தையும் அங்கேயே ஒரு சாதாரண பிரின்டரில் ஸ்டிக்கராக எடுத்து ஒட்டிவிடலாம்.