கேசினோ பங்கும் மாமாவின் கணக்கு நோட்டும்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. எங்கள் அலுவலகத்தில் போன மாதம் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொருளாதார மந்தம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். தினமும் பேருந்தில் மரினா பே சாண்ட்ஸ் என்ற சூதாட்ட (கேசினோ) விடுதியைக் கடந்துதான் போகிறேன். அங்கே மட்டும் கூட்டம் குறைவதே இல்லை. அதை நடத்தும் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் நிறுவனத்தின் பங்கு 2009 மார்ச்சில் இரண்டு டாலருக்கும் கீழே விழுந்தது. அடுத்த வருடம் நவம்பரில் ஐம்பது டாலரைத் தொட்டது. வேலையும் வருமானமும் போனால் மனிதர்கள் அதிர்ஷ்டத்தைத்தான் தேடிப் போவார்கள், மந்த காலத்தில் கெடாத தொழில் இது என்று நினைக்கிறேன். அடுத்த சரிவில் இந்தப் பங்கை வாங்கலாமா? அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு வந்த பணத்தை 'நீயே பார்த்து எங்காவது போடு' என்று என்னிடம் கொடுத்திருக்கிறார். அதில் பாதியையும் இங்கே வங்கியில் கிடைக்கும் கடனையும் சேர்த்துப் போடலாம் என்று எண்ணம். இது பாவப்பட்ட தொழிலில் போடும் பணம் என்கிறார் ஒரு நண்பர். உங்கள் கருத்து என்ன? எந்தச் செயலி வழியாக வாங்குவது நல்லது?

கதிரவன்
சிங்கப்பூர்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து என் மாமாவின் கணக்கு நோட்டுகளை இறக்கிவைத்திருந்தேன். அட்டை பிய்ந்த நான்கு நீள நோட்டுகள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இறக்கினேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அவற்றைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

செயலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு என்னிடம் வரவும் வேண்டாம். பாவம் புண்ணியத்தை உங்கள் நண்பரோடு பேசிக்கொள்ளுங்கள். லாட்டரிச் சீட்டு விற்ற காசில் வாங்கிய அரிசியைத் தின்று வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியைத் தள்ளி நின்று ஆராய என்னால் முடியாது.

என்னைத் தைத்தது ஒரு வரி. வேலை போனவர்கள் அதிர்ஷ்டத்தைத் தேடிப் போவார்கள் என்கிறீர்களே, உங்கள் அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட அந்த மூன்று பேரில் யார் மறுநாள் மரினா பேக்குப் போனார்? கேட்டுப் பார்த்தீர்களா? சம்பளம் நின்ற மனிதன் முதலில் வாடகையை எண்ணுகிறான். ஊருக்கு அனுப்ப வேண்டியதை எண்ணுகிறான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எண்ணுகிறான். சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அந்த வாசலைத் தாண்டவே 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டும். 2019 வரை அது 100 வெள்ளி. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் கஷ்டத்தை நீங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கையாக மாற்றிவிட்டீர்கள். உங்களைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தது நம் தலையோ என்ற பயம் அப்படி எழுதவைக்கும். ஆனால் அந்த வரியில் ஈரம் இல்லை, கணக்கும் இல்லை.

கணக்கை நான் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே மாமாவுக்கு லாட்டரிக் கடை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக, ப்ளஸ் டூ படித்த காலத்திலிருந்து இரவுக் கணக்கு என் பொறுப்பு. எட்டரை மணிக்கு மாமா திண்ணையில் வந்து உட்காருவார். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு இருக்கும். அதில் விரலைத் தொட்டுத் தொட்டு, விற்காமல் மீந்த சீட்டுகளை எண்ணுவார். நாகாலாந்து, சிக்கிம், பூடான், கேரளா என்று அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இந்தியாவின் வடகிழக்கை நான் படித்தது பூகோளப் புத்தகத்தில் அல்ல, அந்தத் திண்ணையில்தான். ஏழில் முடியும் எண்களை மட்டும் கேட்கும் ஒரு தையல்காரருக்காக நான்கு சீட்டைத் தனியே எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்.

மழை பொய்த்த ஒரு வருடத்துக் கணக்கு இந்த இரண்டாவது நோட்டில் இருக்கிறது. அந்த வருடம் ஒரு ரூபாய்ச் சீட்டின் விற்பனை கூடாமல் குறையாமல் அப்படியே நின்றது. பத்து ரூபாய் பம்பர் பாதியாக விழுந்தது. கஷ்டம் வந்தால் ஜனங்கள் கூடுதலாக வாங்குவார்கள் என்று மாமாவும் நம்பித்தான் இருந்தார். ஆனால் சந்தைக்கு வருகிறவன் வந்தால்தானே சீட்டு வாங்குவான்? கிணறு வற்றிப்போன சம்சாரி சந்தைக்கே வரவில்லை. வந்தவனும் மறுநாள் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

லாஸ் வேகாஸிலும் அதுதான் நடந்தது. விமானத்தில் வந்து, அறை எடுத்து, மாநாட்டுக்கு வந்த இடத்தில் ஆடுகிறவர்களை நம்பிய ஊர் அது. 2007-ல் அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்துக் கேசினோக்கள் ஆட்டத்தில் மட்டும் ஈட்டியது சுமார் 1,280 கோடி டாலர். 2009-ல் அது சுமார் 1,040 கோடியாகிவிட்டது. மந்தத்தில் கெடாத தொழில் என்ற பேச்சுக்கு அந்த இரண்டு வருடமே போதும்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய விஷயம். நெவாடாவின் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சாண்ட்ஸின் பங்கோ 2007 அக்டோபரில் 140 டாலருக்கு மேல் இருந்து 2009 மார்ச்சில் ஒன்றரை டாலருக்கும் கீழே போனது. நூறு ரூபாய் ஒரு ரூபாயானது. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தின் வருமானம் 2008-ல் கூடியிருந்தது! 2007-ல் 295 கோடி டாலர், 2008-ல் 439 கோடி டாலர். சீனாவின் மக்காவ் நகரில் புதிதாகத் திறந்த வெனிஷியன் கேசினோவில் ஆட ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு எது விழுந்தது? கடன், கதிரவன், கடன். மக்காவ் நகரின் கோட்டாய் பகுதியில் அடுத்தடுத்து விடுதிகள், லாஸ் வேகாஸில் இன்னொரு கோபுரம், பென்சில்வேனியாவில் ஒன்று, உங்கள் சிங்கப்பூரில் ஒன்று என்று ஒரே நேரத்தில் எழுப்பினார்கள். ஏறக்குறைய 1,000 கோடி டாலர் கடன். கடன் கொடுத்தவர்கள், உன் சம்பாத்தியத்தின் இத்தனை மடங்குக்கு மேல் கடன் போகக்கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ்ந்ததும் புதுக் கடன் கொடுக்க உலகத்தில் ஆள் இல்லை. நவம்பரில், தொடர்ந்து நடத்த முடியுமா என்பதே சந்தேகம் என்று நிறுவனமே அறிவித்தது. கோட்டாய் வேலையை நிறுத்தினார்கள். சுமார் 11,000 கட்டடத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. நீங்கள் தினமும் பார்க்கும் மூன்று கோபுரங்கள் அப்போது எழும்பிக்கொண்டிருந்தன. அவை 2010 ஏப்ரலில் திறந்துவிட்டதால் அந்த நவம்பர் யாருக்கும் நினைவில் இல்லை.

நிறுவனம் பிழைத்தது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் அன்றைய தலைவர் ஷெல்டன் அடெல்சன் தன் குடும்பப் பணத்திலிருந்து 100 கோடி டாலரை இரண்டு தவணையாக உள்ளே கொட்டினார். அவரிடம் இருந்தது, கொட்டினார். கூடவே 18 கோடிப் புதிய பங்குகளை 5.50 டாலர் வீதம் விற்றார்கள். ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களின் பாத்தியதை அன்றே கரைந்தது. 140-லிருந்து 5.50-க்கு வந்துவிட்டது, இனி எங்கே விழப்போகிறது என்று அப்போது வாங்கியவர் நான்கே மாதத்தில் அதிலும் முக்கால்வாசியை இழந்து நின்றார். நீங்கள் அந்த ஒன்றரை டாலரை மட்டும் பார்க்கிறீர்கள். அது அடிமட்டம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது இன்னொரு படி, அவ்வளவுதான். அதே 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் டிரம்ப் பெயரில் கேசினோ நடத்திய நிறுவனம் திவாலானது. அதன் பங்கும் மலிவாகத்தான் கிடைத்தது. கடன் வாங்கியே 2008 ஜனவரியில் கைமாறிய ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனம், பின்னால் சீசர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஏழு வருடம் இழுத்து, 2015-ல் அதன் பெரிய கிளை நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. எல்லாமே அன்று ஒரே மாதிரி விளக்கு எரிந்த கட்டடங்கள்தான். சாண்ட்ஸ் பிழைத்ததே, அதுகூட 2014-ன் உச்சத்தில் 90 டாலரைத் தொடவில்லை. 2007-ல் வாங்கியவர் அப்போதும் நஷ்டத்தில்தான் இருந்தார்.

விழுந்த பங்கு எழும்வரை காத்திருக்கலாம் என்று சொல்வீர்கள். காத்திருக்கலாம், சொந்தக் காசு என்றால். வங்கிக் கடனில் வாங்கினால் தவணை மாதம் பிறந்ததும் வந்து நிற்கும். நான்காவது நபராக உங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள்? ஒன்றரை டாலரில் நிற்கும் பங்கை விற்றுத்தான். ஐம்பது டாலர் வரும் நவம்பரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கடனில் மூழ்கிய நிறுவனத்தைக் கடன் வாங்கிப் பிடிக்கப் போகிறீர்கள், அதுவும் வேலை நிச்சயமில்லாத காலத்தில். படித்த பிள்ளை எழுதுகிற யோசனையா இது?

இன்னொன்று, இந்தத் தொழிலின் கதவு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் கொரோனாவுக்காக மக்காவ் தன் கேசினோக்களை 15 நாள் மூடியது. அந்த வருடம் முழுவதிலும் ஐந்தில் நான்கு பங்கு வருமானம் போனது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில், ஆட்டத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத வரி என்று முடிவெடுத்த மறுநாள், கோவாவில் கப்பலில் கேசினோ நடத்தும் டெல்டா கார்ப்பின் பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

எங்கள் வீட்டுக்கு அந்த உத்தரவு 2003 ஜனவரியில் வந்தது. பல வருடம் ஒரே கடையோடு, கையில் இருப்பதைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்த மாமா, அதற்கு முந்தைய வருடம் இரண்டு கடைகளைக் கூடுதலாக எடுத்திருந்தார். பைனான்ஸில் மூன்று ரூபாய் வட்டி. பொங்கல் பம்பர் கட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். கட்டிலுக்கு அடியில், நெல் குதிருக்குப் பின்னால், அத்தையின் தையல் மெஷின் மேல். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கே தடை என்று செய்தி. 1968-ல் அரசாங்கமே முன்னின்று தொடங்கி, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சொல்லி விற்ற பொருள். அந்தத் தடையைத் தவறென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு குடும்பங்கள் அதனால் தப்பின, அதில் அந்தத் தையல்காரரின் குடும்பமும் ஒன்று. ஆனால் அன்றிரவு மாமா திண்ணையில் வந்து உட்கார்ந்து, பஞ்சுக் கிண்ணத்தை எடுத்துவைத்து, வழக்கம்போல எண்ணத் தொடங்கினார். ஊருக்கு வந்திருந்த நான் எதிரே நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று கட்டு எண்ணினார். பிறகு விரலைப் பஞ்சிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். அத்தை உள்ளே போய் விளக்கை அணைத்தாள்.

அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் மாசி முடியும்வரை அத்தை வெந்நீர் அடுப்பு மூட்டினாள். வீட்டை விற்று அசலில் பாதியை அடைத்தார்கள். மீதிக்காக, ஆறு ஏஜென்டுகள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போட்டார். நான்காவது நோட்டு முழுக்க அந்தத் தவணைகள்தான். ஐந்நூறு, முந்நூறு, ஒரு மாதம் வெறும் நூற்றைம்பது. 2011-ல் ஒரு பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பங்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சம்பளத்தில் மிஞ்சியதில், பத்து வருடம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத தொகையில், ஆசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு, எந்தெந்த வருடம் அடைக்க வேண்டும் என்ற பக்கத்தைப் படியுங்கள். வங்கிக் கடன் பேச்சை இன்றோடு விடுங்கள்.

அப்பாவின் பணத்தை அவர் பெயருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். நின்றுகொண்டே முப்பது வருடம் சில்லறை எண்ணியவர் அவர். 'எங்காவது போடு' என்று அவர் சொன்னபோது எந்த இடத்தை நினைத்துச் சொன்னார் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேளுங்கள்.

அன்புடன்.