புதுத் தகடு, பழைய கம்பி

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் 1984-இல் கட்டிய மாடி வீடு ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறோம். பின்கட்டில் முன்பு வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடந்ததாம். சுவிட்சுகள் எல்லாம் புதிதாக இருக்கின்றன. "வயரிங் முழுக்க மாற்றியாயிற்று" என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கும் முன் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒரு ஏ.சி.யும் வெந்நீர் ஹீட்டரும் போட எண்ணம்.
- வாசகி, சேலம்

பதில்: தரகர் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கும் அம்மா. சுவிட்சை மாற்றியிருப்பார்கள். பெயிண்ட் செலவோடு செலவாகப் பத்துத் தகடு வாங்கி மாட்டினால் வீட்டுக்கு இருபது வயது குறைந்துவிடும். கம்பி சுவருக்குள் கிடக்கிறது, அதை யார் கேட்கப் போகிறார்கள்?

ஒரு பெட்டியையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹாலில் வேண்டாம், அங்கே எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சமையலறையில் கிரைண்டர் ஓடிய பிளக் பாயிண்டைக் காட்டுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு உங்கள் எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும். நீங்கள் டார்ச் பிடித்தால் போதும். கம்பி செம்பு நிறமா, சுரண்டினாலும் வெள்ளையா என்று பாருங்கள். வெள்ளை என்றால் அலுமினியம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஊரில் ஏராளமாகப் போட்டார்கள். அது திருகுக்கடியில் நாளாக ஆக நசுங்கித் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். உறை கறுத்து விறைத்திருந்தால் அந்தச் சூடு வந்துபோன அடையாளம். பின்கட்டில் இன்னொன்றும் உண்டு. வெள்ளியை அமிலத்தில் போட்டு எடுத்த இடமாக இருந்தால் ஆவி பட்டுச் செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். அந்த அறைக் கம்பியைப் பேச்சே இல்லாமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. த்ரீ பின் பிளக் பாயிண்டின் மேல் துளைதான் எர்த், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வழி. அதன் பின்புறத் திருகிலிருந்து பச்சைக் கம்பி ஒன்று சுவருக்குள் போக வேண்டும். பல பழைய வீடுகளில் பச்சைக் கம்பியே இருக்காது. அதற்குப் பதில் இரண்டு அங்குலத் துண்டுக் கம்பி ஒன்று எர்த் திருகிலிருந்து பக்கத்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) திருகுக்குத் தாவியிருக்கும். சோதனை விளக்கு வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே பல்பு பளிச்சென்று எரியும். எரியாமல் என்ன செய்யும், அது நியூட்ரல்தானே! பார்க்கிறவர் 'எர்த் அருமை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சேலம் குகைப் பகுதியில் ஒரு வீட்டில் இப்படித்தான் இருந்தது. ஒரு நாள் மெயின் பெட்டியில் நியூட்ரல் கம்பி கழன்றது. ஓடிக்கொண்டிருந்த விளக்கு வழியாக ஏறிய 230 வோல்ட் அந்தத் துண்டுக் கம்பி வழியே ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்துவிட்டது. வெறுங்காலோடு மோர் எடுக்கப் போன அப்பாயி தூக்கி எறியப்பட்டார். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து பெட்டியைத் திறக்காமல் எந்த வீட்டு எர்த்துக்கும் நான் நற்சான்று கொடுப்பதில்லை.

அடுத்து மீட்டர். மெயின் போட்டபடி இருக்கட்டும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் மீட்டர் எதிரே நில்லுங்கள். துடிக்கும் விளக்கு இன்னும் துடித்தால் எங்கோ கசிகிறது, அல்லது பக்கத்துப் போர்ஷனுக்கு உங்கள் மீட்டரிலிருந்து ஒரு கம்பி போகிறது. இரண்டாவது வகையை நான் பார்த்தது அதிகம். பட்டறைக்குத் தனி இணைப்பு இருந்ததா, அதில் பாக்கி உண்டா என்பதையும் இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (கம்பி உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) இருந்தால், பல்பு, கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்சுலேஷன் அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மெகோமுக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. மழை பெய்த மறுநாள் எடுத்தால் சுவர் ஓதம் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

ஹீட்டர் 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் ஏ.சி.க்கும் மெயின் பெட்டியிலிருந்தே தனித்தனி லைன் வேண்டும். ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுங்கள். விளக்குக் கம்பியில் 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மாட்டி வைத்திருந்தால் அதுவும் ஃபியூஸ் கட்டையில் ஆணி செருகியதும் ஒன்றுதான்: கம்பி எரிந்த பிறகும் அது விழாது. கண்டதையெல்லாம் எழுதி, மாற்றும் செலவுக்கு மதிப்பீடு வாங்கி, விலைப் பேச்சில் மேசைமேல் வையுங்கள். முன்பணம் கைமாறிய பிறகு அந்தக் காகிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் பழைய வீடு வாங்கினோம். பாறை நிலம். எர்த் குழி தோண்ட வந்தவர் நாலடியில் கடப்பாறையை வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ன செய்வது?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஆழமாகப் போக முடியாவிட்டால் அகலமாகப் போங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமோ, காப்பிச் செடி நிழலில் ஈரம் காயாத இடமோ பார்த்து நீளமாகக் கால்வாய் வெட்டி, துத்தநாக முலாம் பூசிய இரும்புப் பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். அப்படியும் மலை மண்ணில் எர்த் மட்டமாகத்தான் வரும். எர்த்தின் தடை 100 ஓம் வந்தது என்று வையுங்கள். ஃபேஸ் கம்பி ஒரு கருவியின் உடம்பில் பட்டால் 2.3 ஆம்பியர்தான் ஓடும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது, ஆனால் 30 மில்லியாம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கண் இமைக்கும் முன் விழும். ஆகவே உங்கள் வீட்டில் முதல் செலவு அதற்கு. மாதம் ஒரு முறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கிப் பாருங்கள். சித்திரையில் இடி கேட்டால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: தாத்தா வீட்டில் சுவரின் மேல் தேக்குப் பட்டியில் ஓடும் வயரிங் அழகாக இருக்கிறது. அப்படியே விட்டுவைக்கலாமா?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: பட்டியை வைத்துக்கொள்ளுங்கள், கம்பியை உருவிவிடுங்கள். ரப்பர் உறை போட்ட அந்தக் காலத்துக் கம்பியை விரலால் வளைத்தால் தட்டுவடை மாதிரி நொறுங்கும். பல்பு மாற்றும்போது ஹோல்டரை அதிகம் அசைக்காதீர்கள், கம்பி மாற்றும் வரைக்கும்.