4.2 குறைந்தால் பாலினத்தைச் சேர்த்துவிடலாமா?

கேள்வி: காரைக்குடியில் மருந்தியல் ஆய்வு செய்கிறேன். 46 நோயாளிகளின் ரத்தத்தில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவுகளை வைத்து பாப்புலேஷன் பார்மகோகைனடிக் மாடல் (பலரின் உடலில் மருந்து எப்படிப் பரவி வெளியேறுகிறது என்று கணிப்பது) கட்டியிருக்கிறேன். ஆறு கோவேரியேட்டுகளை (ஆளுக்கு ஆள் மாறும் காரணிகளை) சோதித்தேன். மருந்தின் க்ளியரன்ஸில் (உடல் அதை வெளியேற்றும் வேகத்தில்) கிரியேட்டினின் க்ளியரன்ஸ் (சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் அளவு) நிலைத்துவிட்டது. அதன்மேல் பாலினத்தைச் சேர்த்தால் ஆப்ஜெக்டிவ் ஃபங்ஷன் (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று சொல்லும் எண்) 4.2 குறைகிறது, பெண்களுக்கு மருந்தின் க்ளியரன்ஸ் 8% குறைவு என்று காட்டுகிறது. 3.84-ஐத் தாண்டிவிட்டதே, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வான்கோமைசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அதனால் கிரியேட்டினின் க்ளியரன்ஸ் சேர்ந்தது நியாயம். நீங்கள் அதை, ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் கணக்கிட்டிருந்தால், வயது, எடை, பெண்களுக்கான 0.85 என்ற பெருக்கெண் மூன்றும் ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. பாலினத்தை மறுபடி சேர்ப்பது அந்த 0.85-ஐத் திருத்தும் வேலைதான். எடையையும் க்ளியரன்ஸில் இன்னொரு முறை போடாதீர்கள். பரவல் கனஅளவில் (மருந்து உடலில் எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்ற அளவில்) மட்டும் அடுக்கு 1, அதாவது எடைக்கு நேர் விகிதம், என்று நிலைநிறுத்திப் போடுங்கள். 46 பேரை வைத்து அடுக்கை மதிப்பிட முனைவது வீண்.

3.84 என்பது, தற்செயலாகத் தாண்ட 5% வாய்ப்பு உள்ள, ஒரே ஒரு சோதனைக்கான வரம்பு. எந்தத் தொடர்புமே இல்லாத ஆறு கோவேரியேட்டுகளைச் சோதித்தாலும், ஒன்றாவது அதைத் தாண்டிவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால்தான் பின்னோக்கி நீக்கும்போது (சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது) 6.63 (1%) அல்லது 10.83 (0.1%) கேட்கிறோம். 4.2 அங்கே விழுந்துவிடும். அந்த 8%-க்கான 95% இடைவெளியும் சுமார் 0 முதல் 16 வரை விரியும். அதற்காக யாரும் டோஸை மாற்றப்போவதில்லை. ஆட்களுக்கிடையிலான வேறுபாடு எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள். அது அசையவே இல்லையென்றால் பேச்சு முடிந்தது.

ஈட்டா (ஒவ்வொருவரும் மாடலின் சராசரியிலிருந்து விலகும் அளவு) வரைபடத்தில் ஆண், பெண் பிரிந்து தெரிகிறதே என்பீர்கள். ஷ்ரிங்கேஜ் (தரவு போதாமல் அந்த ஈட்டாக்கள் சராசரியை நோக்கிச் சுருங்குவது) 30%-க்கு மேல் போனால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். இல்லாத தொடர்பைக் காட்டும், இருப்பதை மறைக்கும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கிரியேட்டினின் என்ற தசைக் கழிவுப்பொருள். 80 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 0.5 உள்ள தேவகோட்டை ஆச்சிக்குச் சூத்திரம் நிமிடத்துக்கு சுமார் 60 மி.லி. தரும். 0.5 என்பது தசை வற்றியதால் வந்த எண். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதையே 0.8 என்று உயர்த்திப் போட்டால் 37. இப்படிப்பட்டவர்கள் பெண்களிடையே அதிகமிருந்தால், அந்தப் பிழைதான் பாலின வித்தியாசமாக வேடம் போடும். இரண்டு விதமாகவும் மாடலை ஓட்டி, 4.2 நிற்கிறதா பாருங்கள்.