கீழே அச்சடிக்கும் பிரிண்டர் மாடிக்கு மட்டும் ஆஃப்லைனா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி ஹாலில் வைத்திருக்கிறோம். ஓராண்டு வாரண்டி. என் போனிலிருந்து பிரிண்ட் வருகிறது. மாடியில் மகனுடைய லேப்டாப்பில் மட்டும் எப்போதும் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. அங்கே சிக்னல் போதவில்லை என்று போன மாதம்தான் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டினோம். பார்க்க வந்த கடைப் பையன், "வைஃபை போர்டு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும். இல்லையென்றால் இதைத் தள்ளிவிட்டு 5ஜி பிரிண்டர் வாங்கிவிடுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்? – வாசகி, தாம்பரம்

பதில்: போர்டு போயிருந்தால் உங்கள் போனுக்கு மட்டும் எப்படி அச்சடிக்கும்? 4,500 ரூபாயை எடுத்து பீரோவில் வையுங்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: போன மாதம் வந்த அந்த ரவுட்டர்.

ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியை நாம் மோடம் என்கிறோம். ஆனால் அதுவே ஒரு ரவுட்டரும்தான். அதிலிருந்து கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டரை அப்படியே சொருகினால் மாடி தனிக்குடித்தனம் போய்விடுகிறது. இரண்டு இடத்திலும் நெட் வரும், யூடியூப் ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று லேப்டாப் கூப்பிடும் குரல் மாடி ரவுட்டரைத் தாண்டிக் கீழே இறங்காது.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பிரிண்டரிலிருந்தே அதன் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சடித்து எடுக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு; கையேட்டில் இருக்கும். அந்தத் தாளில் ஐபி முகவரி, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் கதவு எண், 192.168.1.12 என்பது போல இருக்கும். லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய், இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தைத் திறந்தால் லேப்டாப்பின் முகவரி தெரியும். அது 192.168.0.5 என்று இருந்தால், மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: அங்கே 1, இங்கே 0. வீடு இரண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

தீர்வுக்குச் செலவு இல்லை. மாடி ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு சிக்னலை மட்டும் பரப்பும். முகவரி கொடுக்கும் பொறுப்பு கீழே இருக்கும் பெட்டிக்கே போய்விடும். பழைய மாடலில் இந்த வசதி இல்லையென்றால் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, ரவுட்டரின் சொந்த முகவரியை கீழே உள்ள பெட்டியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை 'வான்' (WAN, வெளி இணைப்புக்கானது) துளையிலிருந்து எடுத்து 'லான்' (LAN, வீட்டுக் கருவிகளுக்கானது) துளையில் போட வேண்டும். இதற்கு விவரம் தெரிந்த பையன் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், மேலே சொன்ன பையனைத் தவிர. அவசரமாக இன்றைக்கே ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், லேப்டாப்பைக் கீழ் வைஃபையில் இணைத்துவிட்டு பிரிண்ட் கொடுங்கள்.

'5ஜி பிரிண்டர்' சங்கதி தனிக் கூத்து. ரவுட்டர் பெயருக்குப் பின்னால் வரும் 5ஜி, போன் கம்பெனிக்காரர்கள் விற்கும் 5ஜி அல்ல; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அவ்வளவுதான். வீட்டுக்கு வாங்கும் குறைந்த விலை பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரே ரவுட்டரில் லேப்டாப் 5-லும் பிரிண்டர் 2.4-லும் இருந்தாலும் அச்சு வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டில் ஏதாவது ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் வராது. விருந்தாளி வீட்டுச் சாமான்களைத் தொடக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

வாரண்டி இருக்கும்போது போர்டுக்கு ஏன் காசு என்று அந்தக் கடையில் கேட்டீர்களா? உண்மையிலேயே பழுது என்றால் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் போட்டு, குறை என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியில் வரும் வேலைக்குக் காசு கேட்டால் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்; அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஆஃப்லைன். நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேலை செய்கிறது, அடுத்த பவர் கட் வரை. – வாசகர், நாமக்கல்

பதில்: ரவுட்டர் அணைந்து எழும்போது முகவரிகளைப் புதிதாகப் பங்கிடுகிறது. பிரிண்டர் முகவரியின் கடைசி எண் நேற்று 12, இன்று 17. லேப்டாப் இன்னமும் 12-ன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு கடைசியாக ஒருமுறை பிரிண்டரை நீக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரிண்டர் கம்பெனி கஸ்டமர் கேர் என்று நெட்டில் தேடிக் கிடைத்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, லேப்டாப்பை அவரே இயக்கி, "உங்கள் ஐபி எக்ஸ்பயர் ஆகிவிட்டது" என்று 1,999 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிரிண்டர் இன்னும் ஓடவில்லை. – வாசகர், மதுரை

பதில்: வீட்டு ஐபி முகவரிக்குக் காசு கட்டிப் புதுப்பிக்கும் காலாவதியும் இல்லை, சந்தாவும் இல்லை. அது ரவுட்டர் சும்மா கொடுப்பது. நீங்கள் பேசியது கம்பெனியோடு அல்ல. உடனே லேப்டாப்பில் நெட்டைத் துண்டித்து அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. இனி சர்வீஸ் எண்ணை பிரிண்டர் வந்த பெட்டியிலிருந்தோ வாரண்டி கார்டிலிருந்தோ எடுங்கள், தேடலில் முதலில் வருவதை நம்பாதீர்கள்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தேன். புது லேப்டாப்பில் திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் போடும் 4 இலக்க பின்னைக் கொடுத்தால் தவறு என்கிறது. ரவுட்டரில் சொருகிய ஹார்ட் டிஸ்க்கும் புது லேப்டாப்பில் தெரியவில்லை. – வாசகி, கோவை

பதில்: நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பின்னைத் தட்டிக்கொண்டிருந்தவன்தான். பின் என்பது அந்த ஒரு லேப்டாப்பின் வாசலுக்கு மட்டுமான சாவி. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. சுலபமான வழி: ஃபோல்டர் இருக்கும் பழைய லேப்டாப்பில் ஷேரிங்குக்கென்றே பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் அக்கவுன்ட் தொடங்கி, அதற்கு அந்த ஃபோல்டரில் அனுமதி கொடுங்கள். புது லேப்டாப் கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். இரண்டிலும் வீட்டு வைஃபை 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'பப்ளிக்' என்றால் விண்டோஸ் தன்னை ஒளித்துக்கொள்ளும்.

ஹார்ட் டிஸ்க் விஷயம் வேறு. பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி1 என்ற அரதப் பழசான முறையில்தான் ஃபைல் கொடுக்கின்றன. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னக்ரை என்ற வைரஸ் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாக. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிய நிறுவல்களில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. 'இதை ஆன் செய்தால் போதும்' என்று வீடியோவில் சொல்வார்கள், வேலையும் செய்யும். செய்யாதீர்கள். ரவுட்டருக்கு மென்பொருள் அப்டேட் இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய லேப்டாப்பிலேயே சொருகி, மேலே சொன்ன அக்கவுன்ட் வழியாகவே அதையும் ஷேர் செய்துகொள்ளுங்கள்.