இந்தியா கேட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு டெல்லி போயிருந்தோம். என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து, முதல் உலகப்போரில் இராக்கின் பாஸ்ரா பக்கம் இறந்துபோனவர். அவர் பெயர் போட்ட வட்டமான வெண்கலத் தகடு ஒன்று எங்கள் சாமி அறையில் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைப்பார். இந்தியா கேட்டில் எழுபதாயிரம் பேர் பெயரும் இருக்கிறது என்று கைடு சொன்னதால் அவர் பெயரைத் தேடினேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இருக்கும் புதிய தேசியப் போர் நினைவிடத்திலும் இல்லை. "வெள்ளைக்காரன் தன் பெருமைக்குக் கட்டிக்கிட்ட வளைவுல நம்ம ஆளை ஏன்பா தேடுற?" என்கிறான் என் மகன். அவர் பெயர் எங்கேதான் இருக்கும்? அந்தக் கட்டடத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கொள்ளுத்தாத்தா பாஸ்ரா பக்கம் இறந்தவர் என்றால், அவர் பெயர் இந்தியா கேட்டில் இருக்காது. கிட்டப் போய்ப் பார்த்திருந்தாலும் கிடைத்திருக்காது. அந்த வளைவு 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அதில் செதுக்கியிருப்பது சுமார் 13,300 பெயர்கள். மேலே உள்ள கல்வெட்டு வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால் இது விளங்கும். பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ், மெசபடோமியா (இன்றைய இராக்), பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, கலிபோலி என்று அடுக்கி, அங்கே விழுந்து அங்கே கௌரவிக்கப்படுகிறவர்களுக்கு என்கிறது. அதற்கு அப்புறம்தான், தனியாக, "இங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்கள்" வருகிறார்கள். வடமேற்கு எல்லைப்புறத்திலும் 1919-ன் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போனவர்கள் இவர்கள். சிந்து நதிக்கு மேற்கே கல்லறை இருந்தும் பராமரிக்க வழியில்லாமல் போன ஆயிரம் பேர் சொச்சமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதில் இருக்கிறார்கள்.

சரி, மற்றவர்கள் "அங்கே கௌரவிக்கப்படுகிறார்கள்" என்று கல்லில் எழுதிவிட்டார்களே, அது எந்த அளவு நிஜம்? பிரான்ஸில் நிஜம். நவ் ஷப்பேல் என்ற ஊரில் 1927-ல் திறந்த இந்திய நினைவிடத்தில், அசோகத் தூணை நினைவுபடுத்தும் 15 மீட்டர் உயரத் தூணும், அதோடு சேர்ந்த வட்டச் சுவரில் 4,700-க்கும் அதிகமான பெயர்களும் இருக்கின்றன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது. சிப்பாய், சுபேதார் என்று பார்க்காமல் எல்லார் பெயரும் உண்டு.

பாஸ்ராவில் அப்படிச் செய்யவில்லை. மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எட்வர்ட் வாரன் வடிவமைத்த நினைவிடம் 1929-ல் திறக்கப்பட்டது. இதில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்க்கும் அங்கே பெயர் இருக்கிறது. இந்திய ராணுவத்தில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு, அந்தந்த ரெஜிமென்ட்டின் கீழே, இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஒரு எண். உங்கள் கொள்ளுத்தாத்தா பெரும்பாலும் அந்த எண்களில் ஏதோ ஒன்றுக்குள் இருக்கிறார். அந்த நினைவிடமும் முதலில் கட்டிய இடத்தில் இல்லை. ஷத் அல் அரப் ஆற்றங்கரையில் இருந்ததை 1997-ல் பிரித்தெடுத்து, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இது எனக்கு ஆறாத விஷயம். காரணம், இதைச் செய்த, பிரிட்டிஷ் பேரரசின் போரில் இறந்தவர்களை நினைவுகூர அமைத்த போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கையே, பதவியோ இனமோ மதமோ பாராமல் இறந்த ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பதுதான். கொள்கையை எழுதியவர்களுக்குக் கல்லும் கிடைத்தது, உளியும் கிடைத்தது, பெயர்களும் கையில் இருந்தன. ஆணையம் அமைத்த குழுவே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், 45,000 முதல் 54,000 பேர்வரை இப்படிச் சமமில்லாமல் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. பெயரே இல்லாமல், அல்லது எந்த நினைவும் இல்லாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது இன்னும் 1,16,000 பேர் என்றும் சொன்னது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சரும் கேட்டார். நூறு வருஷம் கழித்து.

இதோடு உங்கள் சாமி அறைத் தகட்டை வைத்துப் பாருங்கள். சுமார் 12 சென்டிமீட்டர் விட்டம், திரிசூலம் ஏந்திய பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்), பக்கத்தில் சிங்கம், ஓரத்தைச் சுற்றி ஆங்கில வாசகம், சின்னக் கட்டத்துக்குள் மேலெழும்பிய எழுத்தில் அவர் பெயர். அப்படித்தானே? போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு வார்த்து அனுப்பியது அது. அதில் பதவி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெனரலுக்கும் சேப்பருக்கும் ஒரே மாதிரித் தகடு, வெறும் பெயர். பாஸ்ராவில் எண்ணாகிப்போனவருக்கு உங்கள் வீட்டுத் தகட்டில் பெயர் இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இனிமேல் புளி வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பக்கத்தில் பூ வைத்தால் போதும்.

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளைக்காரன் தன் பெருமைக்குக் கட்டியது என்பதில் பொய் இல்லை. 1921 பிப்ரவரி 10 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கன்னாட் பிரபு அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். (அதே இர்வினோடுதான் ஐந்து நாள் கழித்துக் காந்தி பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்.) வைஸ்ராய் மாளிகையைக் கட்டிய எட்வின் லுட்யன்ஸ்தான் இதற்கும் சிற்பி. மாளிகையிலிருந்து இறங்கி வரும் நேர்ச்சாலையின் மறுகோடியில், போகிற வருகிறவர் கண்ணில் படாமல் இருக்க முடியாதபடி வைத்தார்.

ஆனால் கட்டடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். 42 மீட்டர் உயரம். அடியில் பரத்பூர் சிவப்புக் கல்; அதன் மேல் வெளிறிய மணற்கல், படிப்படியாக ஒடுங்கி மேலே போகிறது. உச்சிப் பட்டையில் சூரிய வட்டங்கள். பெரிய எழுத்தில் 'இந்தியா', அதன் இரு பக்கமும் ரோமன் எண்ணில் 1914, 1919. எல்லாவற்றுக்கும் மேலே ஆழமில்லாத ஒரு கிண்ணம். எண்ணெய் ஊற்றி எரிக்கலாம் என்று நினைத்து வைத்தது. சிலுவை, கோபுரம், பிறை எதுவும் கிடையாது. பாரிஸ் வளைவில் இருப்பது மாதிரி வெற்றிப் போர்க்காட்சிச் சிற்பங்களும் கிடையாது. எல்லா மதத்து ஆளும் செத்திருக்கிறான் என்பது தெரிந்து கட்டிய கட்டடம் அது. லுட்யன்ஸுக்கு இந்தியக் கட்டடக்கலை மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. அதற்காக இந்த அடக்கத்தை நான் மறுக்க மாட்டேன்.

அதில் எனக்குள்ள குறை வேறு. பெயர்கள் சுவரில் மிக உயரம்வரை ஏறுகின்றன. மேல்வரிசைப் பெயரைக் கீழே நிற்கிற யாராலும் படிக்க முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் 'இந்தியா' மட்டும் தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போன சிப்பாயின் பெயர் கல்லின் சொரசொரப்பாகி நிற்கிறது.

இருந்தும் அது நம்முடையது என்றே நான் சொல்வேன். போர்ச் செலவுக்கு 1917-ல் 10 கோடி பவுண்டைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது இந்தியக் கஜானா. உயிரையும் பணத்தையும் இங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். நினைவுச் சின்னத்தை மட்டும் ஏன் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்? வளைவுக்குப் பின்னால் மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜை 1968-ல் அகற்றிவிட்டோம். 2022-ல் அங்கே நேதாஜி வந்துவிட்டார். பெயர்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன.

புதிய நினைவிடத்தை உங்கள் மகன் ரசித்திருப்பான் என்று நினைக்கிறேன். 2019 பிப்ரவரியில் திறந்த அதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த வீபீ டிசைன் லேப் நிறுவனத்தின் யோகேஷ் சந்திரஹாசன். இந்தியா கேட்டோடு உயரத்தில் போட்டி போடாமல், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் வட்டங்களாக அமைத்தார். தியாகச் சக்கரத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கிரானைட் கல். கண்ணுக்கு நேரே நின்று படிக்கலாம். லுட்யன்ஸ் செய்யத் தவறியது இதுதான். ஆனால் அது சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்களுக்கானது. ஆக டெல்லியில் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு இடத்திலும் பெயர் இல்லை.

ஏடுகளில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். 'மெட்ராஸ் சேப்பர்ஸ்' என்று தேடாதீர்கள். அந்தப் போரின்போது அவர்களுடைய அதிகாரப்பூர்வப் பெயர் '2-வது க்வீன் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. அதேபோல வேலூர் மாவட்டம் என்றும் தேடாதீர்கள். அப்போது அது வட ஆற்காடு. பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும், அதை வைத்து உறுதி செய்யலாம். நம் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். முதலில் தகட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே போடுங்கள். அதற்கும் அகப்படவில்லை என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சேப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்குத் தகட்டின் புகைப்படத்தோடு ஒரு கடிதம் போடுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்