கேள்வி-பதில்: கூவைப் பொடி வாங்கும் முன்

கேள்வி: கூவைப் பொடியில் (கூவைக் கிழங்கின் மாவு, ஆரோட் மாவு என்றும் சொல்வார்கள்) ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலமானது. அசல்தானே?

பதில்: மாவுச்சத்து எதுவானாலும் கருநீலமாகும், மைதா உட்பட. எந்தச் செடியுடையது என்பது நுண்ணோக்கியில்தான் தெரியும். மக்காச்சோளத் துகள் பல கோணமாக இருக்கும், கூவைத் துகள் தட்டையாக இருக்கும்.

கேள்வி: 'செரிமானத்துக்கு லேசானது, சுகர் ஏறாது' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் கஞ்சி கொடுக்கலாமா?

பதில்: இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே பாக்கெட்டில் அச்சடிப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். லேசாகச் செரிக்கிறது என்றால் சீக்கிரம் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது என்று அர்த்தம். பிறகு எப்படிச் சுகர் ஏறாமல் இருக்கும்? கிழங்கை அரைத்து, நீரில் கரைத்து, கசப்புப் போகத் திரும்பத் திரும்பக் கழுவித் தெளியவைத்து எடுப்பதுதான் கூவைப் பொடி. நார் அங்கேயே போய்விடுகிறது. பச்சையாக இருக்கும்போது அந்தத் துகள் இறுக்கமானது, செரிமான நொதி அதைச் சுலபமாக உடைக்காது. ஆனால் யாரும் பச்சை மாவைத் தின்பதில்லையே! கொதிநீரில் துகள் ஊதி உடைந்து கஞ்சியானதும் அந்த இறுக்கம் போய்விடும். ஆறவைத்தால் ஒரு பங்கு மறுபடி இறுகும், அவ்வளவுதான். தினமும் வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வாழைக்காய் மாவாவது?

பதில்: அதற்கும் இதே கதைதான். தோசையாக வார்த்ததும் பெரும்பகுதி சீக்கிரம் செரிக்கும் சாதாரண மாவுச்சத்தாகிவிடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பார்த்து ஐந்து கிலோ ஆரோட் மாவு வாங்கினேன். பில் இல்லை, லேபிளும் இல்லை. மரவள்ளி மாவு மாதிரி இருக்கிறது.

பதில்: பில்லும் லேபிளும் இல்லாமல் ஐந்து கிலோவா? எதைக் காட்டிப் புகார் கொடுப்பீர்கள்?

கேள்வி: பேரனுக்கு வயிறு சரியில்லை என்று கிலோ 900 ரூபாய் கொடுத்துக் கூவைப் பொடி வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 'மரவள்ளி ஸ்டார்ச், கூவை' என்றிருப்பதை மருமகள்தான் படித்துச் சொன்னாள்.

பதில்: அம்மா, உங்கள்மேல் தப்பே இல்லை. ஒரு கண்காட்சியில் எனக்கும் இப்படித்தான் விற்றார்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாகப் போடவேண்டும் என்பது சட்டம். ஆகவே அதில் மரவள்ளிதான் அதிகம். முன்பக்கம் கூவை என்று போட்டது ஏமாற்று. மீதிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். பாக்கெட்டின் இரு பக்கத்தையும் பில்லையும் படமெடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.